பனிமயம் சொல்லிய நாலாவது புத்தகம்

சாளை மீன் அளவுக்கு மிஞ்சிப் பட்டு, வாங்க ஆளில்லாமல் கரை நெடுகக் காய்ந்து, தாழந்துறையில் கோயில் சாம்பிராணிகூடக் கருவாட்டு வாசம் அடித்த அந்த வருஷத்தில், கஸ்பாருக்கும் தெக்லாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்த பனிமயம் என்கிற ஒன்பது மாதப் பெண்குழந்தை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பால் குடித்து முடித்து, தோளில் சாய்ந்து ஏப்பம் விட்டு, வாய் துடைக்க வந்த முந்தானையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, லத்தீனில் பேச ஆரம்பித்தாள்.

தெக்லாவுக்குப் பயம் புதிதில்லை. வயிற்றில் பிள்ளை அசைந்தபோது அசைகிறதே என்று பயந்தாள், அசையாதபோது அசையவில்லையே என்று பயந்தாள், பிறந்த பிறகு தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துப் பார்த்தே ஒன்பது மாதத்தைக் கழித்தாள். ஆனால் ஏழு வருஷம் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள், பாட்டுக் குழுவில் நின்று பூசைக்குப் பாடியவள். லத்தீனின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது, சத்தம் தெரியும். புரியாத ஒன்று காதில் விழுந்தால் முதலில் எழுதிக்கொள், பயப்படுவதைப் பிறகு வைத்துக்கொள் என்று கன்னியர்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவள் பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, தலையணையை முட்டுக் கொடுத்து, பென்சிலை எடுத்து, விழுந்த சத்தத்தை விழுந்தபடி எழுதினாள்.

கடலிலிருந்து வந்த கஸ்பார் ஈரத் துணியோடு வாசலில் நின்று கேட்டான்.

“ஏட்டி, பிள்ளைக்கு என்னத்தப் படிச்சுக் குடுத்த?”

“நான் எதைப் படிச்சுக் குடுத்தேன்? எனக்குத் தாலாட்டே ஒழுங்கா வராது.”

“காத்து எப்பத் திரும்பும்னு ஏதும் சொல்லுதாளா?”

“அதெல்லாம் சொல்லல.”

“சரி, மெல்லப் பேசச் சொல்லு. பக்கத்து வீட்டுல ஆள் படுத்திருக்கு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

கஸ்பாரின் அக்காள் பெர்னதீத், தலையில் மீன்கூடையோடு எட்டு ஊர் சுற்றி எட்டு ஊர்ச் சண்டையையும் வாயிலேயே ஜெயித்துவிட்டு வருகிறவள், கூடையை இறக்காமலே கால்மணி நேரம் நின்று கேட்டாள். “எங்க அப்பன் வழியில வாயாடிக உண்டு. ஆனா பல்லு முளைக்கக் காத்திருந்தோம் நாங்க” என்றாள்.

பங்குச் சாமியார் ஸ்தனிஸ்லாஸ் தீர்த்தச் செம்போடும் ஜெபப் புத்தகத்தோடும் வந்தார். பேயோட்டுகிற ஜெபத்தை அவர் வியர்க்க வியர்க்க வாசிக்க, குழந்தை தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்து, மூன்றாம் வரியில் அவரை நிறுத்தி, அவர் விழுங்கிய ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக் கொடுத்தாள். ஏழாம் வரியில் மறுபடியும் நிறுத்தினாள். சாமியார் புத்தகத்தை மூடினார்.

“பேய் இல்லை” என்றார். “பேய் தப்பைத் திருத்தாது. ரசிக்கும்.”

அதன்பிறகு ஞாயிறு பூசையில் பனிமயம் முன்வரிசையில் இருந்து திருத்த, சாமியார் பீடத்தில் நின்று காது சிவக்க, இரண்டு ஞாயிறு அப்படிப் போயிற்று. மூன்றாம் வாரம் முதல் சனிக்கிழமை தோறும் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டு வாசித்துப் பழகுகிறார் என்று கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஊருக்குச் சொன்னான்.

விஷயம் கான்வென்டுக்குப் போய், அங்கே புதிதாகச் சேர்ந்த நவகன்னியருக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் கொலோம்பா பஸ் ஏறி வந்தார். ஒல்லியான மனுஷி, குடையை உள்ளேயும் மடக்காதவர். தெக்லாவின் நோட்டை வாங்கி வாசித்தவர் வாசிக்க வாசிக்கக் குடையை மடக்கினார்.

“இது பேச்சு இல்லை தெக்லா, புத்தகம். முதல் பக்கத்தில் இருப்பது ஒரு கடிதம். அந்தக் காலத்துப் படிப்பாளிகள் புத்தகம் எழுதினால் ஒரு பெரிய மனிதருக்குக் கடிதம் எழுதித்தான் தொடங்குவார்கள். ஊர், தேதி, வயசு எல்லாம் போடுவார்கள். எழுதியவர் ஸ்பெயின் தேசத்து உக்லேஸ் என்கிற ஊர்க்காரர். பெயர் லொரென்சோ. இருக்கிற இடம் ஆந்த்வெர்ப் பட்டணம். வயசு இருபத்தாறு.”

“எப்ப எழுதினது சிஸ்டர்?”

“நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.”

“அப்ப அவரு இப்ப...” என்று தொடங்கிய தெக்லா, தன் மடியிலிருந்தே அவர் கொட்டாவி விடுவதைப் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டாள்.

ஊர் அவருக்கு உக்லேசு வாத்தியார் என்று பேர் வைத்தது. வள்ளங்கள் கடலுக்குப் போன பிறகு காலையில் பனிமயம் சொல்வாள், தெக்லா எழுதுவாள். சாயந்தரம் எழுதியதை எல்லாம் தெக்லா அவளுக்கு லத்தீனிலேயே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். குழந்தை ஒரு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பாள். எல்லாம் சரியாக இருந்தால் விரலை இறக்கிவிட்டுத் தூங்கிப்போவாள், மறுநாள் அடுத்த பக்கத்தைத் தொடங்குவாள். அதன்பிறகு வலைக் கொட்டகையில், ஊரிலேயே தங்கிவிட்ட சிஸ்டர் கொலோம்பா அதைத் தமிழில் சொல்ல, வலை பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டும், சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தும் கேட்டார்கள். குழந்தை பேசுவது அதிசயம் என்று முதல் பத்து நாளோடு எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். பதினோராம் நாளிலிருந்து என்ன பேசினாள் என்பதுதான் பேச்சு.

முதல் புத்தகம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதியது. ஒரு பையன் எழுந்திருக்கிறான், முகம் கழுவுகிறான், செருப்பு தைக்கிறவனோடு வாதாடுகிறான், சந்தையில் பழக்காரியிடம் ஏமாறுகிறான். தாழந்துறை அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரண்டது. அது முடிந்த அன்று, கடைசி வார்த்தையைச் சொல்லி விரலை இறக்கிய பனிமயம் மூச்சு விடுவதை நிறுத்தினாள். தெக்லா ஓர் அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடிக்கிற நேரத்துக்கு அந்த நெஞ்சு அசையவே இல்லை. பிறகு அசைந்தது. யாரும் கவனிக்கவில்லை. தெக்லா கவனித்தாள்.

இரண்டாம் புத்தகத்தில் வாத்தியாருக்கு வயசு முப்பத்து மூன்று. பெண்பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று எழுதியிருந்தார். பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்றார், கொட்டகை தலையாட்டியது. படித்த பெண் வாயைத் திறக்கக் கூடாது, சபையில் பேசக் கூடாது, வீதியில் சத்தம் எழக் கூடாது என்றார்.

“யாரு, யாரு சொல்லுதது?” என்று பெர்னதீத் எழுந்தாள்.

“உக்லேசு வாத்தியார்” என்றார் சிஸ்டர்.

“அவரு யாரு வாயில இருந்து சொல்லுதாரு?”

எல்லாரும் பனிமயத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு வலை மிதப்புக்கட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“பொம்பளை பேசக் கூடாதுங்கதுக்கு ஒரு பொட்டப்பிள்ளை வாயி வேண்டியிருக்கு பாருங்க அந்த மனுஷனுக்கு” என்றாள் பெர்னதீத். “ஏ வாத்தியாரே, நான் வாயத் திறக்கலைன்னா என் மீனு தானாவா கூவும்?” மீன்காரிகள் பத்துப் பேரும் சேர்ந்து கொட்டகை அதிரச் சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் வாத்தியாருக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். பதிலைக் கேட்டுப் பனிமயம் சில நேரம் புருவத்தைச் சுருக்கினாள். அடுத்த நாள் காலையில் சொன்ன பகுதியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார் என்று சிஸ்டர் கொலோம்பா சொன்னார். வாத்தியார் நானூறு வருஷத்துக்கு முன்பே அப்படித்தான் எழுதியிருந்தாரா, பெர்னதீத்தின் வாய்க்குப் பயந்து இப்போது மாற்றிக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் புத்தகம் முடிந்தபோது பனிமயத்தின் மூச்சு ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம் நின்றது. தெக்லா கத்திய கத்தில் கஸ்பார் வள்ளத்தைக் கயிறு போட்டுக் கட்டாமலே ஓடிவந்தான், அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்தது.

மூன்றாம் புத்தகம் அரசர்களுக்கு எழுதியது, சண்டை வேண்டாம் என்று. எல்லைக்காகச் சண்டை போடுகிற இரண்டு ராஜாக்களும் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே நாளில் சாகிற தகப்பன்மாரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வலை போடுகிற இடத்துக்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்த ஊர் அது. அதைக் கேட்டு யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் தெற்குத் தெருக்காரன் ஒருவன் வடக்குத் தெருக்காரனிடம் தீப்பெட்டி கேட்டான், அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் அது முதல் தீப்பெட்டி.

மூன்றாம் புத்தகம் முடிந்தபோது ஊரே முழங்காலில் இருந்தது, ஏனென்றால் தெக்லா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். ஐம்பத்து மூன்று மணி, ஒரு முழு ஜெபமாலை, சாமியார் சொல்லச் சொல்ல எல்லாரும் பதில் சொல்ல, பிள்ளையின் உதடு நீலமாகி, உள்ளங்கால் குளிர்ந்து, ஐம்பத்து மூன்றாம் மணியில் அவள் இருமினாள்.

அந்த வாரம் சிஸ்டர் கொலோம்பா கான்வென்டுக்குப் போய்ப் பழைய தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு வந்தார். தெக்லா அடுப்பைவிட்டு எழுந்து நின்றாள்.

“எத்தனை புத்தகம் சிஸ்டர் எழுதினாரு?”

“நாலு.”

“நாலாவது?”

சிஸ்டர் குடைக்காம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். “நாலாவது நினைவைப் பற்றியது. முடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்திரண்டாம் வயசில் இறந்துவிட்டார். பாதி வாக்கியத்தில் நிற்கிறது.”

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ஒன்று, பத்து, ஐம்பத்து மூன்று. புத்தகம் முடிந்ததற்கே அப்படி. ஆள் முடிந்த இடத்தில் எத்தனை மணி என்று தெக்லா எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணினால் எண்ணிக்கை வந்துவிடும் என்று பயந்தாள்.

நாலாவது புத்தகம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. தெக்லா எழுதாமல் விட்டுப் பார்த்தாள். எழுதுகிற வரைக்கும் பிள்ளை அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காய்ச்சல் கண்டாள். வாயில் பால் கொடுத்துப் பார்த்தாள், பிள்ளை குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அப்படியே கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் சொல்லக்கூடிய அத்தியாயம் என்றார் சிஸ்டர். பதினோராம் நாள் சாயந்தரம், அழுது வீங்கிய கண்ணோடு திரும்ப வாசித்துக் காட்டிய தெக்லா, கஞ்சி பட்டு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். இரண்டு பக்கம் முழுவதும் விட்டுப்போயிற்று. பனிமயத்தின் முகம் சிவந்தது, தூக்கிய விரலை இறக்காமலே, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி லத்தீனில் ஏசினாள். மறுநாள் காலையில் அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கினாள்.

தெக்லா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் கஸ்பார் முதல்முறை பார்த்தான். “ஏட்டி, என்ன?” என்றான்.

“பன்னெண்டு நாள் கிடைச்சிருக்குங்க” என்றாள். “தப்பாப் படிச்சா மறுபடி முதல்ல இருந்து வாராரு. இன்னொரு தப்புக்கு இன்னொரு பன்னெண்டு நாள்.”

அப்படித்தான் தாழந்துறையில் தப்பு முறை என்ற ஒன்று வந்தது. ஒரே ஆள் தப்புப் பண்ணினால் வாத்தியார் சுதாரித்துக்கொள்வார் என்று ஊர்க் கூட்டம் போட்டு, கோயில் திருநாளுக்கு வீட்டு வரிசை வைப்பதைப் போல இதற்கும் வரிசை வைத்தார்கள். யார் முறையோ அவர்கள் பதினோராம் நாள் சாயந்தரம் வந்து ஒரு தப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வடக்குத் தெருவிலிருந்து ஓர் ஆட்டைக் கொண்டுவந்து ஒரு தாளைத் தின்ன வைத்தார்கள். தெற்குத் தெரு சளைக்குமா, இரண்டு ஆடு கொண்டுவந்தது. மீன்காரிகள் நோட்டைக் கைதவறி உப்புத் தண்ணீரில் போட்டார்கள். கோயில்பிள்ளை சரியான நேரம் பார்த்துப் பெரிய மணியை அடித்து நடுவில் நாலு வரியை முழுங்க வைத்தான். சாமியார் ஸ்தனிஸ்லாஸ் தன் முறைக்கு நோட்டை வாங்கித் தானே வாசித்தார், மெனக்கெட வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. கலியாணம் ஆகி வருகிற பெண்ணிடம், உங்க வீட்டு முறை ஐப்பசியிலயா கார்த்திகையிலயா என்று கேட்பது வழக்கமாயிற்று. நல்ல தப்புப் பண்ணினவர்களை ஊர் மெச்சியது. பனிமயம் ஒவ்வொரு தடவையும் ஏசினாள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டு வருஷம் போயிற்று. பனிமயத்தோடு அதே மாதம் பிறந்த பக்கத்து வீட்டுப் பெண், செசிலி, ஓடிவந்து கதவில் முட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பல் வரிசையாக இருந்தது. அவள் சட்டை மூன்று தடவை சிறிதாகி மாறியிருந்தது. பனிமயத்துக்கு அதே சட்டை. அதே தலைமுடி, அதே வெறும் ஈறு, தலையணை முட்டு இல்லாவிட்டால் பக்கவாட்டில் சாய்கிற அதே ஒன்பது மாதம்.

எல்லாரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. சொன்னது பெர்னதீத். பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஏட்டி தெக்லா. நாம பிள்ளையக் காப்பாத்தல. உப்புல போட்டு வச்சிருக்கோம்.”

“மயினி, வேற என்ன பண்ணச் சொல்லுதீங்க?”

“எனக்குத் தெரியாது. ஆனா கெட்டுப்போகாம இருக்கதும் உசிரோட இருக்கதும் ஒண்ணா?”

தெக்லா பிள்ளையை வாங்கி அதே சட்டையை மாட்டினாள். அன்று பதினோராம் நாள் சாயந்தரம், திரும்ப வாசிப்பதற்கு முன்பே, கொட்டகையில் சிஸ்டர் கொலோம்பா எழுபதாவது தடவையாகவோ என்னவோ அதே அத்தியாயத்தைத் தமிழில் சொன்னார். ஊருக்கு அது மனப்பாடம். ஐம்பத்திரண்டு வயசு வாத்தியார், கால் வீங்கி, குளிர்தேசத்தில் படுத்துக்கொண்டு, உக்லேஸில் தான் பிறந்த வீட்டை நினைவுபடுத்திப் பார்க்கிறார். வாசலில் அப்பாவின் புத்தகம் தைக்கிற கடை, பசை காய்ச்சுகிற வாசம். உள்ளே பதினாலு படி. ஒன்பதாம் படியில் ஒரு விரிசல். மேலே அடுக்களை, சன்னலில் ஒரு மண்தொட்டி, அதில் பேர் சொல்லி ஒரு செடி, அடுப்பு, அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிற ஒரு கை, கையில் மாவு, சுண்டுவிரலில் பழைய தீக்காயம். அங்கே பதினோராம் நாள் முடியும். அங்கே ஊர் தப்புப் பண்ணும். வாத்தியார் மறுபடி வாசலுக்கு வந்து பசை வாசத்தில் தொடங்குவார்.

“அந்தக் கை யாரு கை?” என்றாள் பெர்னதீத். “தொட்டிச் செடிக்குப் பேரு சொல்லுதாரு, படிக்குக் கணக்குச் சொல்லுதாரு. கையி யாரோடதுன்னு சொல்ல மாட்டேங்காரே.”

சிஸ்டர் நோட்டை மடியில் வைத்தார். “தடித்த புத்தகத்தில் அவரைப் பற்றி இன்னும் மூன்று வரி இருந்தது. தெக்லா பயப்படுவாளே என்று அப்போது அதைச் சொல்லாமல் விட்டேன். அவருடைய குடும்பம் யூத மார்க்கத்திலிருந்து ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். அவருக்கு ஆறு வயசாக இருக்கும்போது அம்மா கொள்ளைநோயில் இறந்துவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து, அந்த அம்மா பழைய மார்க்கத்தை மனசுக்குள் விடவில்லை என்று திருச்சபை விசாரணை வைத்து, கல்லறையைத் தோண்டி, எலும்பை எடுத்து, சந்தைத் திடலில் எரித்துச் சாம்பலை ஆற்றில் கொட்டிவிட்டார்கள். இவர் அப்போது ஆந்த்வெர்ப்பில். அதன்பிறகு ஊருக்குப் போகவே இல்லை. அம்மாவைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதியதும் இல்லை.”

“செத்தவளையா?” என்றாள் பெர்னதீத். “இருபது வருஷம் கழிச்சா? தோண்டியா?”

சாமியார் ஸ்தனிஸ்லாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெக்லா மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்த மனுஷன் பதினாலு படி ஏறி அடுக்களை வாசலுக்கு வருகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கப்போகிற நேரத்தில் ஒரு தாய் அவரைப் படியிலிருந்து கீழே தள்ளிவிடுகிறாள், மறுபடி ஏறு, மறுபடி ஏறு என்று. அந்தத் தாய் தான்தான் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்கு வெளியே, இவ்வளவு பெரிதாக ஒன்று நிற்கிறது என்று கண்டு, கோயில் கூரையை அண்ணாந்து பார்க்கிறவளைப் போல நிமிர்ந்தாள்.

“இன்னைக்கு யாரு முறை?” என்றாள்.

வடக்குத் தெருவில் ஒருவன் ஆட்டுக் கயிற்றோடு எழுந்தான்.

“அண்ணே, ஆட்டைக் கட்டிப் போடுங்க” என்றாள். நோட்டை வாங்கி, ஒரு வரி விடாமல், ஒரு தாள் தாண்டாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கடைசிச் சொல்லைக் கேட்டதும் பனிமயம் விரலை இறக்கினாள். உடனே தூங்கவில்லை. தன் தாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. வெயில் ஏறி, மணல் சுட ஆரம்பித்த வேளையில், ஊர் முழுக்கக் கொட்டகையிலும் கொட்டகைக்கு வெளியிலும் இருக்க, பனிமயம் சொன்னாள், தெக்லா எழுதினாள், சிஸ்டர் கொலோம்பா வரிக்கு வரி மெல்லிய குரலில் தமிழில் சொன்னார்.

“அந்தக் கை ரொட்டியைத் திருப்பியது. முதல் ரொட்டியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தது. சூடு என்று ஊதிக் கொடுத்தது. நான் நாலு மொழி கற்றேன், மூன்று அரசர்களுக்கு எழுதினேன், ஆனால் இந்தக் கையை எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை. அது என் தாயின் கை. அவள் பெயர்...”

சிஸ்டர் நிறுத்தினார். பனிமயம் நிறுத்தியிருந்தாள்.

சாமியார் ஜெபமாலையை எடுத்தார். ஐம்பத்து மூன்று மணி போயிற்று. மறுபடி ஐம்பத்து மூன்று. மூன்றாம் தடவை சொல்லும்போது சாமியாரின் குரல் உடைந்து, யாரோ எடுத்துச் சொன்னார்கள். பிள்ளையின் உதடு நீலமாகி, பிறகு வெளுத்தது. கஸ்பார் அந்தச் சின்ன உள்ளங்கால் இரண்டையும் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, பொத்திய கையைப் பார்த்தபடியே இருந்தான்.

“அவருக்குப் பேரு சொல்ல வரல” என்றாள் தெக்லா. “அந்த இடத்துல நிக்காரு. அதைத் தாண்ட முடியல அவருக்கு.”

பெர்னதீத் எழுந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். மற்ற மீன்காரிகள் அதைப் பார்த்து ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தங்கள் கொண்டையை அவிழ்த்தார்கள்.

“பேரு எதுக்குட்டி?” என்றாள் பெர்னதீத். “குழி இல்லாத சாவுக்கு நாம என்னைக்குப் பேரு சொல்லி அழுதோம்? என் தம்பி ஒருத்தன் கடலோட போனான். உடம்பு வரல. அவன் பேரையா சொன்னேன்? தம்பீன்னுதான கூப்பிட்டேன்? ஆத்துல கொட்டின சாம்பல் எங்க வந்து சேரும்? இங்கதான வரும். எழுந்திரு.”

அந்தக் கரையில் அதுதான் முறை. உடம்பு கிடைக்காமல் போனவருக்கு வீட்டில் அழ மாட்டார்கள், அலை வந்து தொடுகிற ஈர மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, மணலை அறைந்து, உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேரைக் கடல் வைத்துக்கொள்ளும், உறவை அதனால் வைத்துக்கொள்ள முடியாது என்பார்கள். அந்த நடுவெயிலில் பெண்கள் எல்லாரும் நனைந்த மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். சிஸ்டர் கொலோம்பா நோட்டோடு தண்ணீரில் முழங்கால் அளவு நின்றார்.

“யாரு முதல்ல கூப்பிடுதது?” என்றாள் ஒருத்தி. “நமக்கு அவ என்ன முறை வேணும்?”

“பிள்ளைதான் கூப்பிடணும். பிள்ளைக்கு வாய் வரலைன்னா பிள்ளையப் பெத்தவ” என்றாள் பெர்னதீத்.

தெக்லா குளிர்ந்த பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, அலை வந்து மடியை நனைக்க நனைக்க, தனக்குத் தெரியாத ஒரு ஊரில், பதினாலு படிக்கு மேலே, கையில் மாவோடு நிற்கிற ஒருத்தியை, நானூறு வருஷத்துக்கும் கடலுக்கும் அப்பால் கேட்கும்படி, அம்மா என்று கூப்பிட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. பெண்கள் எல்லாரும் மணலை அறைந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். கரை நெடுக, வடக்குத் தெரு முதல் தெற்குத் தெரு வரைக்கும், வெந்த மணலில் நின்று ஒரு ஊர் முழுவதும் ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டது. கொஞ்ச நேரத்துக்குக் கடல் அலையே அடிக்கவில்லை. பாய் விரித்தாற்போலக் கிடந்து கேட்டது.

யாரும் மணி எண்ணவில்லை. அதனால் எவ்வளவு நேரம் என்று இன்றுவரை அங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது.

பிறகு ஓர் அலை வந்தது. தெக்லாவின் மார்பில் ஏதோ இடித்தது. அது பனிமயத்தின் கால். உதைத்தாள். மூச்சை ஒரு இழுப்பாக இழுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகமெல்லாம் சுருங்கிச் சிவக்க, தொண்டையைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். லத்தீன் இல்லை. தமிழும் இல்லை. நாக்கில் எந்தச் சொல்லும் இல்லாத சத்தம். திறந்த வாயில், கீழ் ஈற்றில், அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது.

சிஸ்டர் கொலோம்பா தண்ணீரில் தடுமாறி ஓடிவந்தார். இரண்டு வருஷத்துப் பழக்கத்தில் கை தானாகவே பென்சிலைத் தேடியது. நோட்டைத் திறந்து, பாதியில் நின்ற அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் முனையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன சொன்னாள் தெக்லா? என்ன சொன்னாள்?”

தெக்லா முந்தானையை இழுத்துப் பிள்ளையை உள்ளே மூடிக்கொண்டாள்.

“எழுதாதீங்க சிஸ்டர்” என்றாள். “இது என்கிட்டச் சொன்னது.”